வருவேன் என்று சொன்ன பிறகு

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்கு மாடியில் வேலை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் துடைத்து, உடை மாற்றி, ஊட்டிவிட்டுச் சாயங்காலம் படியிறங்கும்போது முட்டி இரண்டும் தனித்தனியாக முனகும். அங்கே பேச்செல்லாம் பிரெஞ்சு. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அந்த மொழி காதில் விழுந்து விழுந்தே ஒட்டிக்கொண்டது. சாப்பிடுங்கள், திரும்புங்கள், வலிக்கிறதா என்பது மட்டும் வரும். நாளைக்கு இதைச் செய்வேன் என்கிற பேச்சு வராது. தமிழிலேயே அவளுக்கு அது சரளமில்லை. எதைக் கேட்டாலும் "ஆண்டவன் விட்டா" என்றுதான் ஆரம்பிப்பாள். அதனால் கணவர் அவளை 'ஆண்டவன்விட்டா' என்றே கூப்பிடுவார்.

கடைசி அறையில் ஒரு பழைய தையற்காரர் இருந்தார். அவள் கிளம்பும் நேரம் பார்த்து சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வார். "ழெ வியான்" என்று சொல்லி விரல்களை மெதுவாகப் பிரித்துவிட்டு வருவாள். வருகிறேன் என்று அர்த்தம்.

அவர் இரவெல்லாம் தூங்குவதில்லை, விளக்கை அணைக்க விடுவதில்லை என்று புகார் போயிற்று. தலைமை நர்ஸ் அவளைக் கூப்பிட்டு, இந்த வாரமும் இப்படியே போனால் அந்த அறைக்கு வேறு ஆள், உனக்குக் கீழே சலவை அறை என்று சொல்லிவிட்டாள். ஈரப் போர்வைகளைத் தூக்க அவள் தோள் இனி இடம் கொடுக்காது. மேலே வந்ததே அதனால்தான்.

வீட்டில் கணவர் வெந்நீரில் காலை விட்டபடி உட்கார்ந்திருந்தார். ஓட்டலில் தட்டு கழுவுகிறவர். நாள் முழுக்க நின்ற கால். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"கிளம்பும்போது அவர்கிட்ட நீ என்னன்னு சொல்லிட்டு வர்ற?"

"வரேன்னுதான். உடம்பு முடியாத மனுஷர்கிட்ட போறேன்னா சொல்ல முடியும்?"

"அடி ஆண்டவன்விட்டா, அவங்க பேச்சுல அப்படிச் சொன்னா இந்தா இப்பவே வரேன்னு அர்த்தம். விடிய விடியக் கதவையே பாத்துட்டுக் கிடந்திருப்பாரு."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் அந்தக் கண்கள் எதற்காக விழித்திருந்தன என்பது இப்போதுதான் உறைத்தது.

"நாளைக்கு வருவேன்னு எப்படிங்க சொல்றது?"

"சொல்லை முழுசா எடுத்துக்க. 'தோர்மீர்'னா தூங்குறது. கடைசியில 'ஏ'ன்னு ஒரு வால் ஒட்டு. தோர்மிரே. தூங்குவேன்."

"அப்ப வர்றது, வெனீர். வெனிரே?"

"அது மட்டும் அடங்காது. வியாந்த்ரே. ஏன்னு கேக்காத, எனக்கும் தெரியாது. தட்டு கழுவுற இடத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

வெங்காயம் நறுக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் வியாந்த்ரே, வியாந்த்ரே என்று மென்றுகொண்டே இருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் தையற்காரர் சட்டைக் கையைப் பிடித்ததும் தயாராகச் சொன்னாள்: "துமான், ழெ வியாந்த்ரே." நாளை வருவேன். அவர் பிடி தளர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நாளையை அவ்வளவு மொட்டையாகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஸி தியூ வூ" என்று சேர்த்துவிட்டாள். ஆண்டவன் விட்டால்.

"விட்டால் என்றால்? வராமலும் போகலாமா?" என்று அவர் கேட்டார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் பேருந்து போய்விட்டது. நடந்துதான் வந்தாள்.

"ஆண்டவனை நடுவுல நிறுத்திட்டு வந்தா அந்த ஆளு எப்படித் தூங்குவாரு?" என்று கணவர் சிரித்தார்.

"அவனைக் கேக்காம நான் எப்படிங்க சொல்றது? நாளைக்குங்கறது என் கையிலயா இருக்கு?"

அவர் காலைத் துடைத்துக்கொண்டு, வெந்நீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

அடுத்த நாள் தையற்காரரின் அறைக்கு வெளியே கைப்பிடியில் கை வைத்தபடி நின்றாள். தமிழில், தனக்கு மட்டும் கேட்கும்படி, "சொல்லிடப் போறேன்ப்பா. நீ விட்டா வரேன். விடலைன்னா அவர்கிட்ட நீயே சொல்லிக்க" என்றாள். பிறகு உள்ளே போனாள். துமான், ழெ வியாந்த்ரே. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு சட்டைக் கையை விட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். விளக்கை அவளே அணைத்தாள்.

பேருந்தில் இடம்கூடக் கிடைத்தது. தலையைக் கண்ணாடியில் சாய்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது, நாளை ஞாயிறு, அவளுக்கு விடுமுறை. வாரம் பூராவும் எதிர்பார்த்துக் காத்திருந்த நாள்.

காலையில் அவள் செருப்பு மாட்டுவதைக் கணவர் பார்த்தார்.

"லீவு அன்னைக்குமா?"

"வருவேன்னு சொல்லிட்டேங்க."

"திங்கக்கிழமை வருவேன்னு சொல்லியிருக்கலாமே."

"திங்கக்கிழமைக்கு என்ன பேரு?"

"லன்தி."

"இப்ப போய் அதைச் சொல்லிட்டு வரேன்."

"ஆண்டவன் விட்டா" என்றார் அவர், போர்வையை இழுத்துக்கொண்டு. அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கத் தெம்பில்லை.

மாடியில் இரவு நர்ஸ் அவளைக் கண்டதும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். கடைசி அறையில் தையற்காரர் வாயைத் திறந்துகொண்டு உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றி வலித்த காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். லன்தி, லன்தி என்று சொல்லிப் பார்த்தபடி, அவர் கண் திறப்பதற்காகக் காத்திருந்தாள்.