மயில்சாமியின் பதினைந்து சுற்று மோட்டார்

கணபதியில் ஒரு பம்பு கம்பெனியின் டூல்ரூமில் மயில்சாமி டர்னராகச் சேர்ந்து பதினெட்டு வருஷமாகியிருந்தது. அத்தனை வருஷத்தில் அவர் லேத்தில் கடைந்த ஒரு சாமான்கூட அளவு தப்பித் திரும்பி வந்ததில்லை. மற்றவர்கள் மைக்ரோமீட்டரை மூன்று தடவை வைத்துப் பார்ப்பார்கள். அவர் ஒரே தடவை வைப்பார். அதுவும் பார்க்கிறவர்கள் நம்பட்டுமே என்று. யாராவது தாங்கள் செய்ததைக் கொண்டுவந்து காட்டினால், "பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு மெதுவாகத் திருப்பிப் பார்ப்பார். செய்தவன் அதை வாங்கிக்கொண்டு போய் மறுபடி அளப்பான்.

1995இல் கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து கம்ப்யூட்டரில் இயங்கும் கடைசல் மிஷின் ஒன்று வந்து இறங்கியது. அதை நிலைநிறுத்தி ஓட்டிக் கொடுக்க வந்த இஞ்சினியர் இரண்டு மாதம் கோவையில் தங்கினார். இருவருக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனாலும் மிஷினின் அடிப்பாகத்துக்கு மட்டம் பார்த்த இரண்டே நாளில் ஒருவர் கையை ஒருவர் புரிந்துகொண்டார்கள். அவர் ஊருக்குப் போன நாலாம் மாதம் மயில்சாமி பேருக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே ரேடியோவில் ஓடும் கார். முழுக் காராக இல்லை. பை பையாகப் போட்ட சாமான்கள், ஒரு ரிமோட், பேட்டரி, சார்ஜர், படம் படமாகப் போட்ட ஒரு புத்தகம்.

"இத யாருங்க ஓட்டறது?" என்று கேட்டாள் மனைவி தெய்வாத்தாள். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொடுப்பவள்.

"நான்தான்."

தெய்வாத்தாள் நாற்பத்தொரு வயதுக் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. என்ற ஊசி டப்பாவுல மட்டும் கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தையலுக்குத் திரும்பினாள்.

பத்து நாளில் கார் தயாரானது. அதே மாதிரி கார் ஏழெட்டுப் பேரிடம் இருப்பதும், அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய சரவணம்பட்டியில் சைட் பிரித்துத் தார் மட்டும் போட்டு ஆளே குடிவராத ஒரு லேஅவுட்டில் கூடுவதும் பிறகுதான் தெரிந்தது. பேரிங் கடை வைத்திருந்த சீனிவாசலு அவர்களில் மூத்தவர். ஐம்பது வயது, தொப்பை, எதற்கும் அவசரப்படாத மனுஷன். அவருடையதும் அச்சு அசல் இதே கார்தான்.

முதல் ஞாயிறு இரண்டு கார்களும் சேர்ந்து ஓடின. சீனிவாசலுவின் கார் ஒரு முழம் முன்னால் போனது. அடுத்த ஞாயிறும் அதே ஒரு முழம். அதற்கடுத்த ஞாயிறும்.

ஒரே சாமான், ஒரே மோட்டார். அதைச் சேர்த்தது தன்னுடைய கை. அப்படியிருக்க எப்படி ஒரு முழம் பின்னால் வரும்? மயில்சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் சக்கரத்துக்குள் இருந்த பிளாஸ்டிக் புஷ்களைக் கழற்றிவிட்டுக் குட்டி பால் பேரிங் போட்டார். வாங்கியதும் சீனிவாசலு கடையில்தான். அந்த ஒரு முழம் அரை முழமானது. அது போதாது. மோட்டாரின் தகர மூடியைப் பிரித்தார். உள்ளே ஒவ்வொரு பல்லிலும் செம்புக் கம்பி இருபத்தேழு சுற்று சுற்றியிருந்தது. ஊரே மோட்டார் சுற்றிப் பிழைக்கிற ஊர். பம்புக்குச் சுற்றத் தெரிந்தவருக்கு இது எம்மாத்திரம். பழைய கம்பியை உருவிவிட்டு, தடித்த கம்பியில் பதினைந்தே சுற்று சுற்றினார். சுற்று குறைந்தால் மோட்டார் கரண்டை அள்ளிக் குடிக்கும். வேகமும் அப்படி ஏறும்.

அந்த ஞாயிறு கார் பறந்தது. ஒரு முழம் இல்லை, இருபது முழம் முன்னால் போனது. மற்றவர்கள் தங்கள் கார்களை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்கள். மயில்சாமி ரிமோட்டைப் பிடித்தபடி சிரிக்காமல் நின்றார். சிரிப்பை அடக்கியதில் தாடை வலித்தது.

மூன்றாவது நிமிஷம் கிர்ரென்று ஒரு சத்தம். பெரிய பல்சக்கரத்தின் நைலான் பற்கள் மொத்தமும் வழித்துப் போயிருந்தன.

அதற்குப் பித்தளையில் பல்சக்கரம் வெட்டினார். பித்தளை தாங்கியது, சக்கரத்துக்குப் போகும் பிளாஸ்டிக் ஷாஃப்ட் முறிந்தது. அதை ஸ்டீலில் கடைந்தார். ஸ்டீல் தாங்கியது, ஷாஃப்டைப் பிடித்திருந்த கூடு விரிந்தது. கூட்டை அலுமினியத்தில் குடைந்தார். கார் இப்போது எடை ஏறிச் செங்கல் மாதிரி கனத்தது. ஸ்பிரிங் அமுங்கி வயிறு தரையில் உரசியது. ஸ்பிரிங்கையும் மாற்றினார். முன்பு பன்னிரண்டு நிமிஷம் வந்த பேட்டரி இப்போது நாலே நிமிஷத்தில் செத்தது. ஒன்றைச் சரி செய்தால் அதற்கடுத்தது போனது. எல்லாமே அவர் செய்ததைவிட இளப்பமான சாமான்கள் என்பதுதான் அவர் கட்சி.

"ஏனுங் தம்பி, மொதல்ல இருந்ததுக்கு என்ன கொறவுங்க?" என்று ஒரு நாள் சீனிவாசலு கேட்டார்.

"மெதுவா ஓடுச்சுங்ணா."

"ஆனா ஓடுச்சுங்களே?"

மயில்சாமி ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அடுத்து வந்ததுதான் அவரை மூன்று மாதம் ஆட்டிவைத்தது. சாமான் உடையாமல் தூரம் போக ஆரம்பித்ததும் காருக்குப் பேய் பிடித்தது.

கிட்டத்தில் ஓடும்போது சொன்ன பேச்சுக் கேட்கும். முப்பது அடி தாண்டி, வேகம் பிடித்தால், தானாக இடது பக்கம் ஒடியும். பிரேக் போட்டால் இன்னும் வேகமாக ஓடும். ஒரு தரம் திரும்பி அவர் காலையே குறிவைத்து வந்து மோதி, முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்தது. அன்று நொண்டிக்கொண்டு வந்தவரைத் தெய்வாத்தாள் பார்த்துவிட்டு, "வளத்த கடா மார்ல பாஞ்சிருச்சுங்களா?" என்றாள். அவர் ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை.

மேலே போகும் கரண்டு லைன்தான் காரணம் என்று முதலில் நினைத்தார். காரைத் தூக்கிக்கொண்டு காரமடைப் பக்கம் மனைவியின் தங்கை வீட்டு மானாவாரிக் காட்டுக்குப் போய், கம்பமே இல்லாத இடத்தில் ஓட்டினார். அங்கேயும் ஒடிந்தது. போலீஸ் வயர்லெஸ்ஸாக இருக்கும் என்றார். சக்கரத்தைத் திருப்புகிற குட்டி மோட்டாரை மாற்றினார். ஏரியலை நீட்டினார், குறைத்தார், மடக்கினார். சீனிவாசலுவின் ரிமோட்டையே இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தார். அப்போதும் அதே கதைதான். அப்படியானால் காருக்குள் இருக்கும் ரேடியோ டப்பாதான் கோளாறு என்று முடிவுகட்டினார். அது ஒன்றுதானே அவர் கை படாதது! ஜப்பான் இஞ்சினியருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் அனுப்பிய ரேடியோ சரியில்லை, உங்கள் நாட்டுச் சாமானில் இப்படி நான் எதிர்பார்க்கவில்லை என்று இரண்டு வரி கொஞ்சம் காட்டமாகவே இருந்தது.

அந்த நாட்களில் ஒரு காலை ஃபோர்மேன் லட்சுமணசாமி அவருடைய லேத்துக்கு வந்து நின்றார். கையில் ஒரு பம்பு ஷாஃப்ட். பேரிங் உட்காரும் இடம் ஒரு தலைமுடி அளவு குறைந்திருந்தது.

"இது யாரு ஓட்டுனதுன்னு மூணு தடவ கேட்டேனுங்க" என்றார் லட்சுமணசாமி மெதுவாக. "மூணு தடவையும் உங்க பேரத்தான் சொல்றாங்க."

மயில்சாமி வாங்கி அளந்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பிறகு ஷாஃப்டைக் கழிவுப் பெட்டியில் தானே கொண்டுபோய்ப் போட்டார். அது விழுந்த சத்தத்துக்கு டூல்ரூம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தானுங்க இருக்கறேன்" என்றார். காது மடல் எரிந்தது. முந்தின நாள் அந்த ஷாஃப்டைக் கடையும்போது அவர் மனசு சரவணம்பட்டி ரோட்டில் இருந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

1997 தை மாதம் பொள்ளாச்சியில் பந்தயம் என்று சொன்னார்கள். ஆனைமலை ரோட்டில் கொப்பரை வியாபாரி தம்பிதுரைக்கு இந்தக் கார்ப் பைத்தியம் உண்டு. தேங்காய் காயப்போடும் பெரிய சிமெண்டுக் களத்தைக் கூட்டிவிட்டு, பழைய டயர்களை அடுக்கி வளைவுகள் செய்திருந்தார். கோவை, திருப்பூர், ஊட்டியிலிருந்து பதினோரு கார்கள் வந்தன. நாலு நாலாக ஓடவிட்டு, கடைசியில் முந்திய நாலு பேருக்குப் பன்னிரண்டு ரவுண்டு. முதல் ஓட்டத்தில் அதிசயமாகக் கார் ஒழுங்காக ஓடி மயில்சாமி தேறிவிட்டார். களத்தின் ஓரமாகக் காரின் கூடவே நடந்து ஓட்டியதால், கார் கிட்டத்திலேயே இருந்தது. கடைசி ஓட்டத்தில் எல்லோரும் ஒரே மேடையில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு ரவுண்டு மற்ற மூவராலும் கிட்டத்திலேயே வர முடியவில்லை. கூட்டம் கத்தியது. மூன்றாவது ரவுண்டில் தூரத்து வளைவில் கார் இடது பக்கம் ஒடிந்தது. டயர் மேல் ஏறிக் குதித்து, மட்டை உரித்துக் குவித்திருந்த மேட்டுக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. மயில்சாமி பிரேக்கை அழுத்த அழுத்தச் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றியது. தேங்காய் நார் ஷாஃப்டில் முறுக்கிக்கொண்டு ஏறியது. புகை வந்தது.

"ஏனுங்க, காரு கொப்பரை வாங்கப் போயிருச்சாட்டருக்குது!" என்று யாரோ சொல்ல, களமே சிரித்தது.

பெட்டியிலிருந்து எடுத்த மேனிக்கு ஒரு திருகாணிகூட மாற்றாத தன் காரைச் சீனிவாசலு பன்னிரண்டு ரவுண்டும் உருட்டிக்கொண்டு வந்து முதல் பரிசு வாங்கினார்.

சாயங்காலம் மயில்சாமி ஒரு தென்னை மரத்தடியில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் நாரை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். சீனிவாசலு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திறந்து கிடந்த காரை வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, ஒன்னு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்ணா."

"மோட்டார் பொறத்தால கொள்ளுப் பயறாட்ட மூணு பொட்டு ஒட்டியிருக்குமுங்களே. உங்கிளுதுல காணமுங்க?"

மயில்சாமி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். மோட்டாரைப் பிரித்த அன்று அந்த மூன்று பொட்டுகளையும் வெட்டி எறிந்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஓட்டத்துக்கு ஆகாத உபரிச் சாமான் என்று நினைத்தார்.

"அது எதுக்குங்ணா?"

"எனக்கென்னங்க தெரியும்? பொஸ்தகத்துல வெக்கச் சொல்லிப் படம் போட்டிருந்துது. வெச்சேன்."

காந்திபுரத்தில் ரேடியோ மெக்கானிக் ஒருவர்தான் மறுநாள் விளக்கினார். மோட்டார் சுற்றும்போது உள்ளே கரண்டு கொடுக்கும் கரித்துண்டு உரசிப் பொறி பறக்கும். அந்தப் பொறியின் இரைச்சல் ரேடியோவுக்குள் போகாமல் அடக்கிவைப்பதுதான் அந்தப் பொட்டுகளின் வேலை. கார் தூரம் போகப் போக ரிமோட்டின் குரல் மெலிந்துவிடும். இரைச்சல்தான் காதில் விழும். பதினைந்து சுற்று மோட்டாருக்குப் பொறியும் அதிகம். தன் சாமான் டப்பாவிலிருந்து மூன்று பொட்டுகளை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

வீட்டில் அவற்றை மோட்டாரில் ஈயம் வைத்துப் பற்றவைக்கப் பத்து நிமிஷம் ஆனது. லேஅவுட்டில் கார் நூறு அடி போய்த் திரும்பிப் பசு மாதிரி வந்து நின்றது. மயில்சாமிக்குச் சந்தோஷமே வரவில்லை. மூன்று மாதம்! கரண்டுக் கம்பியை, போலீஸை, ஜப்பானை எல்லாம் திட்டிய மூன்று மாதம்! கண்ணில் பட்ட கல்லை எட்டி உதைத்தார். பெருவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

அடுத்த வாரம் ஜப்பானிலிருந்து ஒரு பார்சல் வந்தது. புத்தம் புது ரேடியோ டப்பா. கூடவே, தன்னால் ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று கைப்பட எழுதிய கடிதம்.

மயில்சாமி அதை வாசித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். தெய்வாத்தாள் தையலை நிறுத்திவிட்டு வந்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"இப்ப என்னங்க பண்ணப் போறீங்க?"

"திருப்பி அனுப்பிச்சா அவருக்குச் சங்கட்டம். வெச்சுக்கிட்டா எனக்குச் சங்கட்டம்."

"உள்ளத எழுதிப்போடுங்க. நீங்க அளவு தப்புனா நானொன்னும் ஊட்ட உட்டுத் தொரத்தப் போறதில்லீங்க."

நாலு தாள் கிழித்தார். ஐந்தாவது தாளில் இங்கிலீஷில் இரண்டே வாக்கியம்: ரேடியோ நல்ல ரேடியோ. தப்பு என் கையில். அலுமினியத்தில் நாலு சக்கரம் கடைந்து, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு, அந்தத் தாளோடு கட்டி அனுப்பினார். அந்தச் சக்கரங்களை மட்டும் மூன்று தடவை அளந்தார்.

இதோடு எல்லாம் சரியாகிப் போனது என்று சொல்வதற்கில்லை. பேய் ஒழிந்த பிறகுதான் இன்னொன்று வெளிச்சமானது. காரில் இப்போது குறையே இல்லை. பேட்டரியும் இரட்டையாகப் போட்டாயிற்று. ஆனாலும் சீனிவாசலு முந்தினார். வளைவில் மயில்சாமி எப்போதும் ஒரு நொடி பிந்தித் திருப்பினார், அல்லது ஒரு நொடி முந்தி. அந்த முதல் ஒரு முழத்துக்கும் இதுதான் காரணம் என்று அவருக்கு உறைத்த நாளில், ரிமோட்டை ரோட்டில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். ஆயிரம் சாமான் செய்த கைக்கு ஓட்ட வரவில்லை. ஆறு மாதம் பழகிப் பார்த்தார். வரவே இல்லை.

1998இல் அதே களத்தில் மயில்சாமி செய்த காரைச் சீனிவாசலு ஓட்டினார். கேட்டது மயில்சாமிதான், அதுவும் மூன்று தரம் பேரிங் கடை வாசல் வரை போய்த் திரும்பிய பிறகு. கார் மற்றவர்களை ஒரு ரவுண்டு பின்னால் தள்ளிவிட்டு முதலில் வந்தது. கூட்டம் கை தட்டிச் சீனிவாசலுவைச் சுற்றிக்கொண்டது. மயில்சாமி ஸ்க்ரூ டிரைவரோடு டயர் அடுக்குப் பக்கம் நின்றிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட். கார் மயில்சாமியின் மடியில்.

"ஏழாவது ரவுண்டுல, மேக்கால வளைவுல எதுக்குங்ணா வேகத்தக் கொறச்சீங்க?"

"கொறைக்காட்டிக் கவுந்திருக்குமுங் தம்பி."

"கவுந்திருக்காதுங்க. கீழ்ப்பாரம் வெச்சுச் செஞ்சிருக்கறேன். நீங்க நம்பல, அதான்."

"ஜெயிச்சுட்டமுங்களே, அப்பறமென்னங்க?"

"ஜெயிச்சது செரிங்க. அந்த வளைவுல எதுக்குக் கொறச்சீங்க, அதச் சொல்லுங்க."

பஸ் கிணத்துக்கடவைத் தாண்டியும் சீனிவாசலுவால் அதற்குப் பதில் சொல்லி மாளவில்லை.