எனக்கு இன்னும் தெரியாதுண்ணா

அன்று பாகூர் ஆஸ்பத்திரி அறையில் நாங்கள் நான்கு பேர்: நான், ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மனைவி, தசை நோயால் நடக்க நடக்க விழும் எங்கள் மகன், அவனிடம் ரத்தம் எடுக்க வந்த மரபணு ஆராய்ச்சி மேடம். மேடம் ஒல்லியாக இருந்தார், கண்ணில் தூக்கமில்லை. குழாயில் எழுதிய பெயரை உரக்கப் படித்து, நாங்கள் தலையாட்டிய பிறகுதான் ஊசியைத் தொட்டார்.

"வயித்துல இருக்கிற கொழந்தைக்கும் இது வருமா மேடம்?" என்றேன்.

"அதப் பார்க்க எனக்கு இன்னும் தெரியாதுண்ணா. அடுத்த வாரம் வெளிநாட்டு லேபுக்குப் போறேன். மூணு மாசம் கையால செஞ்சி பழகணும்."

"அதுக்குள்ள எட்டு மாசம் ஆயிடுமே! அப்பறம் தெரிஞ்சி இன்னா பண்றது? ஏதோ பார்த்துச் சொல்லுங்க மேடம்."

"ஏதோன்னு சொல்ற விசயமாண்ணா இது? நான் தப்பா சொன்னா நீங்கதான சொமக்கணும்?" சென்னை லேப் ஒன்றின் முகவரியை எழுதி நீட்டினார். "நாளைக்கே போங்கண்ணா. காசுதான் அதிகம்."

எட்டாவதோடு நின்றவன் நான். தெரியாததை மறைத்தே பிழைத்தவன். இவ்வளவு படித்தவர் எப்படிக் கூசாமல் தெரியாது என்றார் என்று இன்னும் யோசிக்கிறேன். அவர் விமானம் ஏறிவிட்டார். நாங்கள் அந்தச் சென்னை லேபுக்குப் போய், கையிலிருந்த காசைக் கட்டிப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு தயார் என்று சென்னையிலிருந்து நேற்று போன் வந்தது. அதைக் கையில் வாங்க இன்னும் பதினோராயிரம் கட்ட வேண்டும்.