காலி அறை

இதை எழுத உட்கார்ந்து எத்தனை முறை எழுந்துவிட்டேன் என்பது முருகனுக்குத்தான் தெரியும். பேத்தி எடுத்த பிறகும் கை வரவில்லை. ஐந்தாம் வகுப்புப் படிப்பு. பிழை இருந்தால் பொறுக்கவும்.

யுத்த காலம். அம்மாவுக்கு இழுப்பு நோய். காஞ்சிபுரத்தில் பிறந்த வீட்டில் படுத்திருந்தாள். அவள் நன்றாக மூச்சு விட வேண்டுமென்றே நைனா திருத்தணி மலையடிவாரத்தில் வீடு கட்டினார். மனையிலிருந்த இரண்டு வேப்பமரங்களையும் வெட்டவில்லை. பாறையின் மத்தியான அனல் படாமல் மேற்குச் சுவரை மர நிழலில் ஒளித்தார். அம்மாவின் அறையில், ஏரிக்காற்று நுழையத் தெற்கே தரையோடு துவாரங்கள். சூடு வெளியேற உச்சியில் ஒரு திறப்பு.

"இன்னாடா, பொண்டாட்டிக்கு வூடு கட்டிக்கினு இருக்கியா, வேப்பமரத்துக்கா?" என்பாள் அத்தை.

"ரெண்டுக்குந்தான்க்கா."

மேஸ்திரி நகரிப் பக்கத்துத் தெலுங்குக்காரர். ஒருநாள் அந்த அறையைக் காட்டி, "பாப்பா, இது உங்கம்மாது. முழுக்க காலிதான், ஆங்!" என்று சிரித்தார்.

அறை காலி என்றால் அம்மா வரமாட்டாளா?

அன்று சாயங்காலமே ஆள் வந்து கூப்பிட, நைனா காஞ்சிபுரம் போனார். வேலை நின்றது. என்னை அத்தையிடம் விட்டார்கள். எதற்கென்று எனக்குச் சொல்லவில்லை. தினமும் தனியாகப் போய் உடைந்த ஓடு, சாக்கு, தென்னை மட்டை எல்லாம் இழுத்துவந்து அந்த அறையை நிரப்பினேன். துவாரங்களையும் ஈரமண்ணால் அடைத்தேன். மலையைப் பார்த்து, "முருகா, இப்ப காலி இல்ல. அம்மாவ அனுப்பிடு" என்று கும்பிட்டேன்.

பதினாறு நாள் கழித்து நைனா மொட்டைத் தலையோடு வந்தார். எங்கள் ஊரில் மொட்டை என்றால் வேண்டுதல்தான்.

"அம்மாவுக்கு நல்லாயிடுச்சா நைனா?" என்று குதித்தேன். கையைப் பிடித்து அறைக்கு இழுத்துப் போனேன். "பாரு நைனா, காலி இல்ல!"

பின்னால் வந்த மேஸ்திரி பதறினார். "ஐயோ, காலி வர்ற ஓட்டையெல்லாம் அடைச்சிட்டியே பாப்பா!" மண்ணைப் பேர்க்கக் குனிந்தார்.

"இருக்கட்டும் மேஸ்திரி" என்றார் நைனா.

என் வேலை அவருக்குப் பிடித்துவிட்டதென்று பெருமைப்பட்டேன்.

தெலுங்கில் காலி என்றால் காற்று. கல்யாணமாகி நகரிப் பக்கம் போன பிறகுதான் அறிந்தேன். அம்மாவின் காற்றை அடைத்தவள் நான்தானே என்று எத்தனையோ கிருத்திகைக்கு முருகன் சன்னதியில் அழுதிருக்கிறேன்.

படிப்பவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அந்தச் சிறுமிக்குக் காற்று என்று அன்றே புரிந்ததாக மட்டும் மாற்றிவிடாதீர்கள்.