சத்தம் கேட்காத வீடு

வீட்டுத் தரகர் விடிந்ததும் மாடிக்குப் போய்க் குழாய்களையெல்லாம் திறந்துவிட்டார். ஆள் இல்லாத வீட்டில் முதலில் துருத் தண்ணீர்தான் வரும். பார்க்க வருகிறவர் கண்ணில் அது படக்கூடாது. பிறகு தரையைத் துடைத்தார். கிழக்கு ஜன்னலைத் திறந்தார். மேற்கு ஜன்னலைத் தொடவில்லை, அந்தப் பக்கம் சாக்கடை.

பார்க்க வருவது அவருடைய ஒரே மகள். அவளுக்கென்று கட்டி நாலு வருடமாகப் பூட்டிக் கிடக்கிற மாடி. இன்று அவளைச் சம்மதிக்க வைக்காவிட்டால், நாளை வேறிடத்தில் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

தரகர் பிறந்தது சுவரோடு சுவர் சேர்ந்த ஒட்டு வீட்டில். பத்துக் குடும்பம், ஒரே குழாய். பக்கத்து வீட்டில் தும்மினால் இவருடைய அம்மா வெந்நீர் வைப்பார். "இதைவிட வேறென்னடா வேணும்?" என்பார் அச்சகத்தில் வேலை பார்த்த அப்பா. மகனுக்கோ மானம் போனது. வளர்ந்ததும் ஊர்க் கோடியில் மனை வாங்கி, இந்த வீட்டைக் கட்டி, ஒன்றரை ஆள் உயரத்துக்கு மதில் எழுப்பினார். "பக்கத்து வீடுன்னு ஒண்ணே கிடையாது சார்" என்று முப்பது வருடமாக ஊரையே மயக்கிய பேச்சில் முதலில் மயங்கியவர் அவரேதான்.

மகள் வந்ததும் குளியலறையை எட்டிப் பார்த்தாள்.

"குழாயை எப்பப்பா திறந்துவிட்டீங்க?"

"எந்தக் குழாய்?"

"சரி, அந்த ஜன்னல் ஏன் சாத்தியிருக்கு? சாக்கடையை வேற இடத்துக்கு மாத்திட்டாங்களா?"

சின்ன வயதில் இவர் வண்டியில் முன்னால் உட்கார்ந்து போய் நூறு வீடு பார்த்தவள். அவளிடமா இந்த வித்தையைக் காட்டினோம் என்று தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றியது.

"நீ போற கட்டடத்துல துணி துவைக்கிற மெஷின்கூடப் பொதுவாமே? உங்க தாத்தாவோட ஒட்டு வீட்டுக்கு லிஃப்ட் வெச்ச மாதிரி!"

"அதுக்குத்தாம்ப்பா போறேன்."

"இங்க ஒரு சத்தம் வருமா, சொல்லு?"

"வராது. போன மாசம் அம்மா வழுக்கி விழுந்து அரைமணி நேரம் கத்தினாங்களே, அதுகூட யாருக்கும் கேக்கலை."

அந்த அரைமணி நேரமும் தரகர் வேறொரு வீட்டில் நின்று, இங்கே வெளிச்சத்தமே வராது என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

கைப்பிடியைப் பற்றியபடி மனைவி மேலே ஏறி வந்தாள். மகளிடம் கேட்டாள்: "அங்க கீழ்த்தளத்துல ஏதாவது காலியா இருக்கான்னு விசாரிச்சியா?"

"ஒண்ணு இருக்கும்மா."

தரகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இந்த வீட்டை என்ன பண்றது?"

"ஊருக்கே வீடு வித்தவருக்கு இதை விக்கத் தெரியாதா?" என்றாள் மனைவி. "சாக்கடை ஜன்னலை மட்டும் சாத்தி வைங்க."

மகள் சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

"நான் வரமாட்டேன்னா?"

மனைவி, அவர் தரை துடைத்துப் பிழியாமல் போட்டிருந்த ஈரத்துணியைத் தாண்டிக் காலை வைத்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அறையைவிட்டு வெளியே போனாள்.