சனிக்கிழமை மூச்சு வகுப்பின் பிரேமலதா

காலையில் புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது லாலாகுடாவிலிருந்து பிரேமலதாவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க டாக்டர்" என்றார். உடனே போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்திருந்தது. ஐம்பத்து மூன்று வயது.

தெலுங்கும் இந்தியும் தமிழும் கலந்து புழங்கும் சனத்நகரில், எங்கள் கிளினிக்கின் மாடியில் சனிக்கிழமைதோறும் நடந்த மூச்சுப் பயிற்சி வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் பலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவர் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்த பிசியோதெரபிஸ்ட். நுரையீரல் மருத்துவனாக அவரோடு பல வருடங்கள் வேலை பார்த்த எனக்கோ, அவர் ஓயாமல் கேள்வி கேட்பவர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் அறைக்கு வந்து, "டாக்டர், இந்தப் பசங்களுக்கு மூச்சு இழுக்கறது கஷ்டமா, விடறது கஷ்டமா?" என்று கேட்டார். விடுவதுதான் என்றேன். மூச்சுக்குழாய் சுருங்கிவிடுவதால் உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் தேங்கிவிடுகிறது என்று விளக்கினேன். "அப்போ எல்லாரும் ஏன் நல்லா இழு, நல்லா இழுன்னே சொல்றோம்?" என்றார். நானும் அன்று காலைதான் ஒரு பிள்ளையிடம் அப்படிச் சொல்லியிருந்தேன்.

அவருடைய வகுப்பு அந்தக் கேள்வியிலிருந்துதான் உருவானது. மூக்கால் மெதுவாக இழுப்பது, வயிறு அசைவதைக் கை வைத்துப் பார்ப்பது, உதட்டைக் குவித்து நிதானமாக விடுவது, தோளைத் தளர்த்துவது. கடினமான வித்தை எதுவும் இல்லை.

அவருக்கு ஆஸ்துமா கிடையாது. அது ஒரு குறை என்றே நினைத்தார். அந்தத் திணறல் எப்படி இருக்கும் என்று பார்க்க, ஒருநாள் மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு, வாயில் ஒரு ஸ்ட்ராவை வைத்து அதன் வழியே மட்டும் மூச்சு விட்டபடி கிளினிக்கின் படிகளில் ஏறினார். மாடிக்கு வந்ததும் ஸ்ட்ராவை எடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பயம் வரும்னு நினைச்சேன் டாக்டர். கோபம்தான் வந்துச்சு. நம்ம ரிசெப்ஷன் பொண்ணு எதிர்ல இறங்கி வந்து சிரிச்சா. அவ ஈஸியா மூச்சு விடறாளேன்னு அவ மேலயே கோபம்."

அதன்பிறகு, எரிந்து விழுகிறாள், கதவை அறைகிறான் என்று பெற்றோர் புகார் சொன்னால், அது எந்த நேரத்தில் என்று அவர் முதலில் விசாரிப்பார். பல வீடுகளில் அந்தக் கோபத்துக்குப் பின்னால் யாரும் கவனிக்காத மூச்சிரைப்பு இருந்தது.

மேகனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதுங்கள் என்று அவளே சொல்லிவிட்டாள். ராமச்சந்திராபுரம் குடியிருப்பில் வளர்ந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். பதினைந்து வயதில் கபடி அணியிலிருந்து விலகிவிட்டு வகுப்புக்கு வந்தாள். பயிற்சியை மற்ற எவரையும்விட ஒழுங்காகச் செய்தாள். குளிர்காலம் தொடங்கியபோது, வகுப்பின் நடுவிலேயே அவளுக்கு இழுப்பு வந்தது. வார்த்தை முழுதாக வரவில்லை, கழுத்துக்குழி உள்வாங்கியது. பிரேமலதா அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, இன்ஹேலரை, மருந்தை உள்ளிழுக்க உதவும் ஸ்பேசர் குழலில் பொருத்தி மருந்து கொடுத்துக்கொண்டே எனக்குச் சொல்லியனுப்பினார். ஆக்சிஜன் வைத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் வார்டில்தான் விஷயம் தெரிந்தது. தினமும் எடுக்க வேண்டிய இன்ஹேலரை மேகனா சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தாள். அவள் அம்மா அழத் தொடங்கினார். நான் கண்டிக்க வாயெடுத்தேன். "நக்கோ டாக்டர், வேணாம், இருங்க" என்று தடுத்துவிட்டு, பிரேமலதா கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் நிறுத்தினாய் என்று, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவராகக் கேட்டார்.

"எக்சர்சைஸ் ஒர்க் ஆகுது நா, ஆன்ட்டி. இந்த இன்ஹேலர் பம்ப்லாம், வீக்கா இருக்கிறவங்களுக்குன்னு நினைச்சேன்."

பிரேமலதா சொன்னார்: "குழாயைத் திறக்கறது மருந்துதான்மா. நம்ம பயிற்சி, பயத்துல மூச்சைக் கெடுத்துக்காம இருக்க மட்டும்தான். இதை நான் முதல் நாளே உனக்குச் சொல்லியிருக்கணும்."

அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகள் உட்கார்ந்ததும் இன்ஹேலரை முன்னால் எடுத்து வைத்து, அன்று எடுத்துக்கொண்டாயிற்றா என்று சொன்ன பிறகுதான் பயிற்சி தொடங்கியது. மேகனா மறுவருடம் மைதானத்துக்குத் திரும்பினாள். இறங்குவதற்கு முன் மருந்து, இடைவேளையில் குவிந்த உதடு. இப்போது கல்லூரி அணியில் ஆடுகிறாள்.

பயிற்சியால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதையும் பிரேமலதா விடவில்லை. பிள்ளைகளைக் கருவியில் ஊதவைத்து அளக்கச் சொன்னார். அளந்தேன். ஊதும் வேகத்தில் பெரிய மாற்றம் இல்லை. வருத்தப்படுவார் என்று தயங்கித்தான் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "ஹவ், அப்படியா? ஆனா பசங்க நல்லா இருக்குன்னு சொல்றாங்களே. படி ஏறுறாங்க, தூங்குறாங்க. அப்போ மாறுறது எது?" பயம் குறைவதாலா, தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விடுவது நிற்பதாலா என்று நாங்கள் பல மதிய இடைவேளைகளில் பேசியிருக்கிறோம். முடிவாக எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததில் அவருக்குச் சலிப்பும் இல்லை.

இறப்பதற்குச் சில நாள் முன்பு போனில் கேட்டார்: "இந்தப் பசங்களுக்கு விழுந்து விழுந்து சிரிச்சா இருமல் வருது, இழுப்பு வருது. பாடினா மட்டும் ஏன் வர்றதில்லை?" படித்துவிட்டுச் சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன். அந்தச் சனிக்கிழமைக்கு அவர் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான். வகுப்பை நிறுத்திவிட வேண்டாம் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டதால், காரியங்கள் முடிந்த வாரம் நான் மாடிக்குப் போனேன். பிள்ளைகள் இன்ஹேலர்களை எடுத்து வைத்துவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பிரேமலதாவின் கேள்வியை அவர்கள் முன் வைத்தேன். ஒரு பெண் தெலுங்கில் ஏதோ சொன்னாள். இல்லை என்று இன்னொருத்தி இந்தியில் மறுத்தாள். அடுத்த நிமிடம் எல்லோரும் மூன்று நான்கு மொழிகளில் வாதாடத் தொடங்கினார்கள். சிலர் பாடிப் பார்த்தார்கள். நான் படித்து வைத்திருந்த பதிலைச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்கள் பேசுவதைக் கேட்டேன்.