மூன்றாவது கியரில் ஒரு இடி

வண்டி முதன்முதலாக இடித்தபோது, பின்னால் யாரோ மோதிவிட்டார்கள் என்று நினைத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் யாருமே இல்லை.

எங்களுடையது ஏழு பேர் உட்காரும் பழைய ஆட்டோமேட்டிக் வண்டி. சிறு வயதிலேயே இடது கால் சூம்பிப்போன எனக்கு கிளட்ச் மிதிக்க முடியாது. கிளட்ச் இல்லாத வண்டி என்பதால்தான் நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டேன். தறி நெய்யும் என் கணவருக்கு ஓட்டத் தெரியாது. ஐயம்பேட்டையிலிருந்து டவுனுக்கு நான்தான் எல்லோரையும் கூட்டிப்போவேன்.

அந்த இடி தினமும் வர ஆரம்பித்தது. வேகம் கூடும்போது வண்டி ஒரு நொடி தயங்கும். பிறகு யாரோ முதுகில் உதைத்த மாதிரி முன்னால் போகும். நாள் முழுக்கத் தறி ஓசையில் இருக்கும் என் கணவருக்குக் காது கூர்மை. "கிளம்பும்போது ஒண்ணுமில்ல. ஒவ்வொரு தபாவும் மூணாவது கியர் விழும்போதுதான் இடிக்குது. காட்டிட்டு வந்துடேன்" என்றார்.

"ரோடு சரியில்ல" என்று சொல்லிவிட்டேன். பொய். பட்டறையில் வண்டியைப் பிரித்துப் போட்டுவிடுவார்களோ என்று பயம். அது இல்லாவிட்டால் தெருமுனைக்குப் போகக்கூட நான் யாரையாவது கேட்க வேண்டும். மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை.

பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு ஒன்பதாம் மாதம். நானும் அவரும் அவளைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போன ஒரு காலையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போய், கேட் திறந்தது. தண்டவாளத்துக்கு ஏறும் மேட்டில் எங்களுக்கு முன்னால் போன ஷேர் ஆட்டோ, தண்டவாளத்தைத் தாண்டியதும் திடீரென்று நின்றது. நானும் பிரேக் போட்டேன். எங்கள் முன்சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் இருந்தன.

ஆட்டோ கொஞ்சம் நகர்ந்தது. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். என்ஜின் அலறியது, வண்டி அசையவில்லை. இன்னும் மிதித்தேன். அலறல்தான் கூடியது. கேட்காரர் விசில் ஊதிக்கொண்டே கையை ஆட்டினார். பின்னால் ஹாரன் சத்தம்.

"என்னாச்சும்மா?" என்றாள் மகள்.

"எறங்கிடு. நீ மொதல்ல எறங்கிடு."

அவள் நடுக்கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைக்கப் போனாள். அதே நொடியில் டமாரென்று கியர் பிடித்து வண்டி பாய்ந்தது. பக்கத்தில் இருந்த அவள் அப்பா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். தண்டவாளத்தைத் தாண்டி, ஆட்டோவின் பின்பக்கத்துக்கு ஒரு சாண் முன்னால் வண்டியை நிறுத்தினேன். மகள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பரிசோதித்த டாக்டர் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார்.

மறுநாள் பக்கத்திலிருந்த மெக்கானிக் வண்டிக்குள் ஏறாமலேயே, "கியர்பாக்ஸ் போயிடுச்சும்மா. வண்டிய வித்துடுங்க" என்றார். ஓரிக்கை என்ற ஊரில் ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்கும் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, மேடில்லாத வழியாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். "இதுல எந்தத் தப்பும் காட்டல. எங்க, எப்ப, எப்படின்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். மூன்று வாரம் மறைத்ததையும் சொன்னேன்.

"அப்போ மேட்டுல நிக்க வச்சுப் பாக்கணும். நீங்களே ஓட்டுங்க. உங்க கால் மிதிக்கிற மாதிரி மிதிச்சாத்தான் எனக்குத் தெரியும்."

"என்னால முடியாதுப்பா."

"நான் பக்கத்துல ஒக்காந்துக்கினு வரேன். எதுவானாலும் ஒடனே பிரேக்க அழுத்துங்க, போதும்."

வண்டி நன்றாகச் சூடாகும்வரை சுற்றினோம். பிறகு பாலாற்றுப் பாலத்துக்கு ஏறும் சரிவில் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியில் ஒரு லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டருக்கு மாற்றினேன். மிதித்தேன். அதே அலறல். வண்டி பின்னால் நழுவியது.

"பிரேக்க அழுத்துங்க. அவ்ளோதான்." அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி லாரியை ஒதுங்கிப் போகச் சொன்னார். "ஆயில் கொறைஞ்சிருக்குது. மேட்டுல ஆயில் எல்லாம் பின்னால போயிடுது, பம்ப்பு காத்த இழுக்குது. காத்து எப்படிம்மா கியரப் புடிக்கும்? மூணாவது கியர் இடிச்சதும் இதாலதான்."

"தரையில ஒரு சொட்டுகூட ஒழுகலியே?"

பதிலைப் பட்டறையில் காட்டினார். வண்டிக்கு அடியிலிருந்த பிளாஸ்டிக் தட்டைக் கழற்றியதும், கறுத்த ஆயில் குபுகுபுவென்று கொட்டியது. கியர் ஆயிலைக் குளிர்விக்கும் ரப்பர் குழாயில், கிளிப்புக்குப் பக்கத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. ஒழுகியதெல்லாம் தரைக்கு வராமல் அந்தத் தட்டிலேயே தேங்கியிருந்தது.

"இன்னும் ஒண்ணு பாக்கணும்" என்று கியர்பாக்ஸின் அடிமூடியைத் திறந்தார். உள்ளே ஒட்டியிருந்த காந்தத்தில் இரும்புத் துண்டுகள் இருந்தால் பெட்டியே போச்சு என்றார். விரலால் வழித்து வெளிச்சத்தில் பார்த்தார். மை மாதிரி கறுப்புப் பசைதான் இருந்தது.

"பொழைச்சிக்கிச்சு. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தீங்கன்னா சொல்ல முடியாது."

புதுக் குழாய், புது ஆயில். அதே பாலத்துச் சரிவில் மூன்று முறை நிறுத்தி எடுக்கச் சொன்னார். மூன்று முறையும் வண்டி பூப்போல ஏறியது. ஆனாலும் வீட்டுக்கு மேடில்லாத வழியாகத்தான் திரும்பினேன்.

பத்து நாள் கழித்து, விடிந்து கொஞ்ச நேரத்தில் மகளுக்கு வலி கண்டது. நான் சாவியை எடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "ஆம்புலன்ஸ் கூப்பிடலாம்மா" என்றாள். வண்டி சரியாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். சாவியைத் திரும்ப வைத்துவிட்டேன். என் கணவர் போன் செய்தார். ஆம்புலன்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனபோது, ஓட்டுவது நான் இல்லை என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.