எரிக்கச் சொன்ன கொடி

ராஜத்தின் திராட்சைக் கொடிக்கு நோயைக் கொடுத்தவள் நான். தவறிச் செய்ததல்ல, தெரிந்தே செய்தேன்.

இதை வாசிக்கும் நீங்கள் என்னை என்னவென்று நினைத்தாலும் சரி. முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள்.

சிங்கப்பூருக்கு வடக்கே, காஹாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் என் கணவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். ராஜத்தின் கணவர் சுந்தரம் சின்னக் கிராணி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு செம்பருத்தி வேலி மட்டுமே. ராஜம் என்னைவிட இளையவள்; 'அக்கா' என்றுதான் அழைப்பாள்.

இரு வீட்டிலும் திராட்சைக் கொடி இருந்தது. என்னுடையது பினாங்கிலிருந்து என் தம்பி கொண்டுவந்த பச்சைத் திராட்சை. அதன் இலைகள் ஓரம் கீழே சுருண்டு மஞ்சளித்துக் கிடந்தன. காய்த்த சிலவும் சிறுத்துப் புளித்தன. அவளுடையது கறுப்பு. பந்தல் தாங்காமல் காய்த்தது. தோட்டத்துத் துரையின் மனைவியே வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன்... ஒரு நாள் என் கணவர் அவள் கொடுத்தனுப்பிய குலையைத் தின்றுகொண்டே, "அந்தப் பொண்ணு எதத் தொட்டாலும் வெளங்குது" என்றார். என்னைப் பற்றி அவர் அப்படி ஒரு சொல் சொன்னதே இல்லை. அந்த வீட்டிலோ சுந்தரம் தன் மனைவிக்கு ஏணி பிடித்துக்கொண்டு நிற்பார்; கீழிருந்தே ஏதோ சொல்லிச் சிரிக்க வைப்பார். அந்தச் சிரிப்பு வேலியைத் தாண்டி என் அடுப்படிவரை வரும்.

அந்நாட்களில் ரப்பர் இலைகளைச் சோதிக்க விவசாய இலாகாவிலிருந்து ஒருவர் வந்தார். அவரிடம் என் கொடியையும் காட்டினேன். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பூச்சியும் இல்ல, மண்ணும் இல்லம்மா. நோய் கொடிக்குள்ளயே இருக்கு. குச்சி வெட்டி நட்டா அதோடயே போகும். வேற கொடியில ஒட்டுப் போட்டா அதுக்கும் ஏறிடும். பிடுங்கி எரிச்சிடுங்க."

நான் எரிக்கவில்லை. அவர் சொன்னதை எவரிடமும் சொல்லவும் இல்லை. அந்த நிமிடமே எனக்கு அந்த எண்ணம் வந்துவிட்டதா? எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன்... வந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

சில வாரம் கழித்து வேலியோரம் அவளைக் கூப்பிட்டேன்.

"உன் கொடியில என் கொடி மொட்டு ஒண்ண ஒட்டி விடவா ராஜம்? ஒரே பந்தல்ல கறுப்பும் பச்சையும் காய்க்கும்."

"அலமாக், அப்படிக்கூட செய்யலாமாக்கா? எப்ப செய்யலாம், சொல்லுங்க."

ரப்பர் நாற்றுகளில் மொட்டு ஒட்டுவதைப் பார்த்துப் பழகியிருந்தேன். ராஜமே தன் கொடியை வளைத்துப் பிடித்துக்கொடுத்தாள். பட்டையைக் கீறி, என் நோயாளிக் கொடியின் மொட்டைச் செருகி, வாழைநாரால் கட்டினேன்.

மொட்டு பிடித்துக்கொண்டது. அவள் கொடியோ முன்போலவே பச்சைப்பசேலென்று நின்றது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

பின்னாளில், செடி நோய்களைப் பற்றிப் படித்த ஒருவர் எனக்கு விளக்கினார். அதற்கு வைரஸ் என்று பெயராம். உயிருள்ள செடிக்குள் மட்டுமே பெருகுமாம். ஒட்டு பிடித்ததும் அங்கிருந்து கிளைகளுக்கும் வேருக்கும் பரவி, வெளியே தெரிவதற்கு முன்பே ஒவ்வொரு குச்சியிலும் குடியிருக்குமாம்.

அதற்குள் ரப்பர் விலை விழுந்தது. சுந்தரத்துக்கு வேலை போயிற்று. கெலாங் பாத்தாவில் கொஞ்சம் நிலம் பிடித்து, திராட்சை போட்டுப் பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரில் விற்கலாம் என்று கிளம்பினார்கள். நடுவதற்கு வேண்டிய குச்சிகளையெல்லாம் ராஜம் அந்தக் கொடியிலிருந்தே வெட்டினாள். அவற்றை ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொடுத்தது நான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்... "பார்த்துப் போ" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாம் ஆண்டு பார்க்கப் போனேன். வரிசை வரிசையாக எல்லாக் கொடியிலும் இலைகள் சுருண்டிருந்தன. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் சிவப்பு. பழம் கறுக்கவே இல்லை.

"என்னன்னே தெரியலக்கா. நான்தான் ரொம்ப வெட்டிட்டேனோ? உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க."

அவள் கேட்டாள். என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். நான் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு, "மண்ணு சரியில்ல, ராஜம்" என்றேன்.

என் பேச்சை நம்பி, குழிகளைத் தோண்டி ஆற்றங்கரை மண்ணைச் சுமந்து கொட்டினார்கள். பிறகு அதே கொடிகளில் குச்சி வெட்டி மறுபடி நட்டார்கள். அவையும் கெட்டன. கடைசியில் நிலத்தை விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்குப் போனார்கள். சுந்தரம் துறைமுகத்தில் மூட்டை தூக்குவதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப்பின் செய்தியே இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் தயங்கினேன்.

அவர்கள் மண் சுமந்துகொண்டிருந்த நாட்களில் மறுபடியும் ஒரு முறை போயிருந்தேன். ராஜம் இளைத்துக் கறுத்திருந்தாள், உள்ளங்கையெல்லாம் கொப்புளம். மேட்டில் ஏறும்போது கால் இடறியது. சுந்தரம் ஓடிவந்து கூடையை வாங்கிக் கீழே வைத்தார். தன் துண்டால் அவள் முகத்தைத் துடைத்தார். ஏதோ சொன்னார். அவ்வளவு களைப்பிலும் அவள் சிரித்தாள்.

நான் கெடுத்த தோட்டத்தின் நடுவே நின்று அதைப் பார்த்தேன். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.